வன்னியில் ஆறு நாள், உழுந்தும் பயறும் பார்த்து

ஜனவரி 22, புதன். வவுனியா

காலை ஐந்தரைக்கு வவுனியாவில் கண்ணை மறைக்கிற பனி. பஸ் நிலையத்துக்குப் பக்கத்துத் தேத்தண்ணிக் கடையில் பிளேன்ரீ 50 ரூபாய், உழுந்து வடை 80 ரூபாய். கடைக்கார ஐயா அரைத்த மாவில் ஒரு கிள்ளு எடுத்துத் தண்ணீர்க் கோப்பையில் போட்டார். மிதந்தது. அதற்குப் பிறகுதான் எண்ணெய்ச் சட்டி அடுப்பில் ஏறியது.

"மிதந்தாத்தான் வடை, தம்பி. உது செட்டிகுளத்து உழுந்து. போன கிழமை வந்த சாக்கு தாண்டு போச்சுது. எவ்வளவு அரைச்சும் பொங்கேல்லை."

மாவுக்கு அந்த வழுவழுப்பைத் தருவது உழுந்தில் இருக்கிற அரபினோகலக்டன் என்ற பொருளும் அதன் புரதமும். காற்றைப் பிடித்து வைப்பவை அவைதான். இனத்துக்கு இனம் இது மாறும். மழையில் நனைந்து காய்ந்த உழுந்திலும் குறையும். இனங்களை ஒப்பிட்டுப் பார்க்கப் போடும் பரீட்சைப் பாத்திகளில் விளைச்சல், பூக்கும் நாள், முற்றும் நாள், நூறு மணியின் எடை, நோய் எல்லாம் எழுதுகிறார்கள். மா பொங்குகிறதா என்பதை வடைக் கடைதான் பார்க்கிறது. விதை வாங்கப் போகிறவர் அதே சாக்கில் இருந்து 200 கிராம் எடுத்து, நான்கு மணித்தியாலம் ஊறவைத்து, அளந்த தண்ணீர் விட்டு அரைத்து, மா எத்தனை கோப்பை வருகிறது என்று பார்க்கலாம். ஊறாமல் கல்லாய்க் கிடக்கும் மணிகளையும் அப்போதே எண்ணிவிடலாம்.

பகலில் சந்தைப் பக்கம். 2021, 2022 காலத்தில் இறக்குமதி இறுகியபோது உழுந்து கிலோ ஆயிரம் ரூபாயைத் தாண்டியது இங்கே எல்லோருக்கும் நினைவிருக்கிறது. அந்த விலையில்தான் பலர் மேட்டுக்காணியைத் துப்புரவாக்கி உழுந்து போடத் தொடங்கினார்கள். விதை என்று கையில் கிடைத்தது எதுவோ அதைப் போட்டார்கள். சாப்பாட்டுக்கு வந்த சாக்கைப் பிரித்து விதைத்தவர்களும் உண்டு. அதன் விளைவு இன்றும் வயலில் தெரிகிறது: ஒரே பாத்தியில் முழங்கால் உயரச் செடியும் கொடியோடிய செடியும், ஒன்று காய்ந்து வெடிக்க மற்றது பூத்துக்கொண்டு.

பெயர்களை ஒருமுறை சொல்லிவிடலாம். உழுந்தில் எம்.ஐ. 1, அனுராதா. பயற்றில், அதாவது பாசிப்பயற்றில், எம்.ஐ. 5, எம்.ஐ. 6, ஹர்ஷ, அரி. கௌபி என்ற தட்டைப்பயற்றில் வருணி, தவள, பொம்பே. எம்.ஐ. என்பது மகாஇலுப்பள்ளம என்ற ஊர்ப்பெயரின் சுருக்கம். வயற்பயிர் ஆராய்ச்சி நிலையம் அங்கேதான் இருக்கிறது. அங்கே பிறக்கும் வரிசைகளைப் பல மாவட்டங்களில் இலக்கம் மட்டும் போட்டு, பழைய இனம் ஒன்றை ஒப்பீட்டுக்குப் பக்கத்தில் வைத்து, போகம் போகமாகப் பார்ப்பார்கள். தேறியவை கமக்காரர் காணிகளுக்கு வரும். அதிலும் தேறினால்தான் வெளியீடு. மகாஇலுப்பள்ளமவில் முதலாவதாக வந்தது முல்லைத்தீவில் நாலாவதாக வரலாம். அதற்குக் காரணம் தேடித்தான் இந்தப் பயணம்.

மத்தியானச் சாப்பாடு சோறும் விரால் குழம்பும் 450 ரூபாய். கறி கேட்டால் மூன்றாம் தரமும் போடுகிறார்கள்.

ஜனவரி 23, வியாழன். நெடுங்கேணிப் பக்கம்

புளியங்குளத்தால் திரும்பியதும் காடு றோட்டுக்கு வந்துவிடுகிறது. காலை எட்டு மணிவரை இலையிலிருந்து தண்ணீர் சொட்டியது. தைப்பனி தரையைத் துளைக்கும் என்று சொன்னவர்கள் இந்த றோட்டால்தான் வந்திருக்க வேண்டும்.

பார்த்த காணி செங்கபில மண். மேலே சரளை, கீழே போகப் போகக் களி. ஐப்பசிக் கடைசியில் (இங்கத்தைய பேச்சில் ஐப்பசி ஒக்டோபர், கார்த்திகை நவம்பர், மார்கழி டிசம்பர், தை ஜனவரி) போட்ட உழுந்து நவம்பர் முடிவில் வந்த வெள்ளத்தோடு போய்விட்டது. மார்கழி தொடக்கத்தில் திரும்பப் போட்டிருக்கிறார்கள். 45 நாள் பயிர், பூவும் பிஞ்சுமாக நிற்கிறது. எட்டு இனம், எட்டும் ஒவ்வொரு முறை வருகிற தொகுதி மூன்று, மொத்தம் 24 பாத்தி.

காணியின் சொந்தக்காரர் ஆறாம் இலக்கத்தைக் காட்டி, "உது சரிவராது ஐயா, மூண்டிலை ரெண்டு இடத்திலை மஞ்சளிச்சுப் போச்சு" என்றார். ஆறாம் இலக்கத்தில் இரண்டு செடியை மண்வெட்டியால் சுற்றிவர ஆழமாக வெட்டி, மண்ணோடு தூக்கி, வாளித் தண்ணீரில் அலசிப் பார்த்தோம். செடியைப் பிடித்து இழுத்தால் முடிச்சுகள் மண்ணிலேயே கழன்று நின்றுவிடும், அதனால்தான் வெட்டு. மஞ்சளித்த பாத்தியின் வேரில் முடிச்சு சிறிது. நகத்தால் கீறினால் உள்ளே பச்சையும் மண்ணிறமும். மூன்றாவது ஆறாம் இலக்கப் பாத்தி மேட்டில் இருந்தது. அதன் முடிச்சு மிளகளவு, கீறினால் இறைச்சிச் சிவப்பு. சிவப்பு என்றால் வேரிலுள்ள பற்றீரியா காற்றிலுள்ள நைதரசனைப் பிடித்துக் கொடுத்துக்கொண்டிருக்கிறது. பச்சை என்றால் வேலை நின்றுவிட்டது. இனம் ஒன்றுதான். நின்ற இடம் வேறு.

குற்றம் பாத்தி போட்ட விதத்தில். காணி கிழக்கு வரம்பிலிருந்து மேற்குக் கானை நோக்கிச் சரிகிறது. மூன்று தொகுதியையும் சரிவின் நீளத்துக்கு, மேலிருந்து கீழாக அமைத்துவிட்டார்கள். ஒவ்வொரு தொகுதியிலும் முதல் மூன்று பாத்தி மேட்டில், கடைசி மூன்று பாத்தி தண்ணீர் தேங்கும் பள்ளத்தில். இடம் பிரிக்கச் சீட்டுக் குலுக்கியதில் ஆறாம் இலக்கத்துக்கு இரண்டு தரம் பள்ளம் விழுந்தது. தொகுதியைச் சரிவுக்குக் குறுக்கே போட வேண்டும்: மேட்டில் ஒரு தொகுதி முழுதாக, நடுவில் ஒன்று, பள்ளத்தில் ஒன்று. அப்படிச் செய்தால் எட்டு இனமும் ஒரே ஈரத்தில் போட்டியிடும். பள்ளத் தொகுதி முழுவதும் குறைவாக விளைந்தாலும் அது எல்லோருக்கும் பொதுவான குறை. யார் தண்ணீரைத் தாங்குகிறார் என்பதும் அங்கேயே தெரிந்துவிடும். விதைப்பதற்கு முன் ஒரு மழையில் போய்க் காணியில் தண்ணீர் எந்தப் பக்கம் ஓடுகிறது என்று பார்த்துக் கம்பு நட்டால் போதும், மட்டம் பார்க்கிற கருவி தேவையில்லை.

இப்போது செய்யக்கூடியது ஒன்றுதான். எந்தப் பாத்தியில் எத்தனை நாள் தண்ணீர் நின்றது என்று பதிந்து வைத்து, அறுவடையின்போது பக்கத்துப் பக்கத்துப் பாத்திகளை மட்டும் ஒப்பிடுவது. அவர் கொப்பியை எடுத்துவரச் சொல்லி மகளை அனுப்பினார்.

மத்தியானம் அவர்கள் வீட்டில் குரக்கன் புட்டும் எருமைத் தயிரும். காசு வாங்க மாட்டேன் என்றுவிட்டார்கள்.

ஜனவரி 24, வெள்ளி. ஒட்டுசுட்டான், புதுக்குடியிருப்பு

இன்றுதான் களைத்துப்போன நாள். பத்து மணிக்கு மோட்டார் சைக்கிள் பின் சில்லு காற்றுப் போனது. ஒட்டுவதற்கு 300 ரூபாய், தள்ளிக்கொண்டு போனது இரண்டு கிலோமீற்றர். அதற்குள் மழை.

ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட ஒரு மேட்டுக்காணி. நவம்பர் வெள்ளம் இங்கே ஏறவில்லை, அதனால் முதல் விதைப்பே நின்று இப்போது அறுவடையில் இருக்கிறது. படங்கை இழுத்து மூட முன்னமே சாரல் அடித்துவிட்டது. பாத்தி பாத்தியாகப் பிடுங்கிக் கட்டியிருந்த உழுந்து மூட்டைகளில் கடதாசித் துண்டு செருகியிருந்தது. பேனையால் எழுதிய இலக்கம் நீலக் கறையாய்ப் போய்விட்டது. பதினொரு மூட்டை எந்த இனம் என்று இனிச் சொல்ல வழியில்லை. மூன்று மாத உழைப்பு. காணிக்கார அக்கா கடதாசிகளை வெயிலில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்ததைக் காணக் கஷ்டமாக இருந்தது. இலக்கத்தைப் பென்சிலால் எழுதுங்கள். பென்சில் எழுத்து தண்ணீரில் கரையாது. மூட்டைக்கு இரண்டு துண்டு: ஒன்று உள்ளே, ஒன்று வெளியே கட்டி.

அந்த மழைதான் இன்றைய பாடத்தையும் காட்டியது. அறுக்காமல் நின்ற பாத்திகளில் இரண்டு வகை. ஒன்றில் காய் முக்கால்வாசியும் கறுத்து, செடி இலை உதிர்ந்து நிற்கிறது. மற்றதில் அடியில் கறுத்த நெற்று, நடுவில் பச்சைக் காய், நுனியில் இன்னும் மஞ்சள் பூ. பின்னது செடிக்குச் செடி எண்ணினால் காய் கூட. பரீட்சைத் தாளில் அதுதான் மேலே நிற்கும், ஏனென்றால் சம்பளத்துக்கு ஆள் பிடித்து நாலு தரம் கையால் பறிக்கிற கணக்கு அந்தத் தாளில் வருவதில்லை. தைக் கடைசியில் பறிக்க ஆள் ஏது? நெல் வெட்டும் அப்போதுதான். முதல் நெற்று அடுத்த நெற்றுக்காகக் காத்து நிற்கிற பத்து நாளில் இப்படி ஒரு மழை வந்தால், காய்க்குள்ளேயே மணி முளைத்துவிடும். முளைக்காதது வெண்பூஞ்சணம் பிடித்து மங்கும். அது வடைக்கும் உதவாது, விதைக்கும் உதவாது.

ஒரு நெற்றைப் பிரித்துக் காட்டினார் அந்த அக்கா. ஆறு மணியில் இரண்டு வீங்கி, தோல் கிழிந்து, வெள்ளை முளை ஊசிமுனை அளவு வெளியே. மழை படுமுன் அது நல்ல மணி.

அதனால் வன்னி மேட்டுக்காணிக்கு உழுந்து எடுக்கிறவர் கேட்கவேண்டிய முதல் கேள்வி இது: இந்த இனத்தின் காய் ஒரே வீச்சில் காயுமா, காயும் அந்தக் கிழமை என் காணியில் எந்த மாதத்தில் விழும்? விளைச்சல் இலக்கம் இரண்டாவது. விதைத்த நாளோடு முற்றும் நாளைக் கூட்டிப் பாருங்கள். ஐப்பசி 15ஐ ஒட்டி விதைத்த 75 நாள் இனம் தை பிறக்க முன்னமே காயும், அப்போது வடகீழ்ப் பருவமழை இன்னும் விட்டிருக்காது. அதே இனத்தைக் கார்த்திகை 5க்கு விதைத்தால் காய்தல் தை நடுவில் விழும், வெயில் பிடிக்கும். 65 நாள் இனத்துக்கு இன்னும் பிந்தலாம். இங்கே பலர் முதல் மழைக்கே ஓடிப்போய் விதைக்கிறார்கள். நெல்லுக்கு அது சரி. உழுந்துக்கு அந்த அவசரம் காயில் வந்து நிற்கும். பிந்தி விதைத்தால் பூக்கிற நேரத்தில் மழை விட்டுவிடுமே என்ற பயம் உண்மையானதுதான், சரளை மண்ணில் அது நடக்கும். களி கலந்த மண்ணில் ஈரம் தாங்கும். ஆகவே ஒரே ஊரில் இரண்டு காணிக்கு இரண்டு விதைப்பு நாள் வரலாம்.

மயிலைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. ஓரத்துப் பாத்திகளில் நெற்று கொத்திக் கிடந்தது. பரீட்சையில் ஓர வரிசையை அளவில் சேர்க்காமல் விடுவார்கள், அது இதற்கும்தான். பரீட்சைக் காணியைச் சுற்றி இரண்டு மீற்றர் அதே பயிரைக் காவலுக்குப் போட்டால் மயில் முதலில் அதைத்தான் தின்னும்.

புதுக்குடியிருப்பில் இரவு இடியப்பமும் சொதியும், பத்து இடியப்பம் 200 ரூபாய். கடைக்காரத் தம்பி நனைந்த எங்களைப் பார்த்துக் கேளாமலே இஞ்சித் தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தான்.

ஜனவரி 25, சனி. பரந்தன், கிளிநொச்சி

பரந்தன் றோட்டால் போகப் போக வயல்தான். இரணைமடுத் தண்ணீரில் விளைந்த நெல்லுக்குச் சில இடத்தில் வெட்டு மிசின் இறங்கிவிட்டது. வெட்டிய கையோடு பயறு போடுகிற வயல்கள் இவை. நெல் வெட்டிப் பத்து நாளுக்குள், மண்ணில் கால் பதியும் ஆனால் ஒட்டாத பதத்தில், விதை விழ வேண்டும். பிந்தினால் மேல்மண் ஓடுபோல் காய்ந்து முளை வெளியே வராது. சிறுபோகத்துக்கு, அதாவது வருடத்தின் இரண்டாம் நெற்போகத்துக்கு, தண்ணீர் எல்லா வயலுக்கும் கிடைக்காத வருடங்களில் இந்தப் பயறுதான் வயலைச் சும்மா விடாமல் வைத்திருக்கிறது. இரண்டு தண்ணீர் கிடைத்தாலும் போதும்: ஒன்று பூக்கத் தொடங்கும்போது, மற்றது காய் பருக்கும்போது.

இங்கே இனம் தெரிவதற்கு அளவுகோல் வேறு. மாசி, பங்குனி வெயிலில் வெண் ஈ பெருகும், அதோடு மஞ்சள் சித்திர வைரஸ் நோய் வரும். இலையில் முதலில் பொட்டுப் பொட்டாய் மஞ்சள், பிறகு முழு இலையும். இருபது நாளுக்குள் பிடித்தால் அந்தச் செடியில் காயே இல்லை. நாற்பது நாளுக்குப் பிறகு பிடித்தால் பாதி தேறும். எனவே 55, 60 நாளில் முடிகிற இனத்துக்கு இங்கே பெரிய மதிப்பு. நோய் வர முன் ஓடிவிடும். பரீட்சையில் நோயை நம்பி அளக்க வேண்டுமானால் இலகுவில் நோய் பிடிக்கிற பழைய இனம் ஒன்றை இரண்டு பாத்திக்கு ஒரு வரிசையாக இடையில் போடுவார்கள். அந்த வரிசை மஞ்சளாகாத வருடத்தில் பக்கத்துப் பாத்தி பச்சையாய் இருப்பதற்கு அர்த்தம் இல்லை, நோயே வரவில்லை என்பதுதான்.

மஞ்சளை எல்லாம் வைரஸ் என்று எழுதிவிடவும் கூடாது. இரண்டு கிழமைப் பயிர் வாடி மஞ்சளித்தால் தண்டின் அடியை நகத்தால் பிளந்து பாருங்கள். செம்மண்ணிறக் கோடும் அரிசி நொய்யளவு கூட்டுப்புழுவும் இருந்தால் அது போஞ்சி ஈ.

பனங்கிழங்கு காலம் தொடங்கிவிட்டது. கிளிநொச்சிச் சந்தையில் அவித்த கிழங்கு ஐந்து 100 ரூபாய்.

ஜனவரி 26, ஞாயிறு. மல்லாவி

மாங்குளத்தால் மல்லாவிக்குப் போகும் றோட்டில் மழை விட்ட வெளிச்சம். வவுனிக்குளம் நிறைந்து நின்றது. இங்கே ஓர் அம்மா தன் அரை ஏக்கரில் மூன்று உழுந்தைத் தானே ஒப்பிட்டுப் பார்க்கிறார். பார்த்ததிலேயே ஒழுங்கான பரீட்சை இதுதான், ஆகவே அளவுகளை அப்படியே தருகிறேன்.

ஒரு பாத்திக்கு ஆறு வரிசை, வரிசைக்கு வரிசை 30 சென்ரிமீற்றர், நீளம் 5 மீற்றர். செடிக்குச் செடி 10 சென்ரிமீற்றர். வரிசைக்கு 50 குழி, பாத்திக்கு 300 குழி, குழிக்கு இரண்டு மணி, பிறகு ஒன்றைப் பிடுங்கிவிடுவது. உழுந்து நூறு மணி சுமார் 5 கிராம் என்றால் பாத்திக்கு 30 கிராம், ஒரு இனத்தின் மூன்று பாத்திக்கு 100 கிராம் விதை போதும். ஒரு இனத்துக்கு ஒரு கோப்பை விதை கடன் கேட்டால் யாரும் இல்லை என்று சொல்ல மாட்டார்கள். மூன்று இனத்தில் ஒன்று கட்டாயம் வீட்டில் ஏற்கெனவே போடுகிற உழுந்தாக இருக்க வேண்டும். இல்லாவிட்டால் புதியது எதைவிட நல்லது என்று சொல்ல முடியாது.

அறுவடையில் இரு கரை வரிசையை விட்டு நடு நாலு வரிசை, இரு முனையிலும் அரை மீற்றர் விட்டு 4 மீற்றர் நீளம். 1.2 மீற்றர் பெருக்கல் 4, அதாவது 4.8 சதுர மீற்றர். அதில் காய்ந்த உழுந்து 480 கிராம் வந்தால் சதுர மீற்றருக்கு 100 கிராம், ஏக்கருக்குச் சுமார் 400 கிலோ. அம்மாவின் சமையலறைத் தராசு ஐந்து கிராமுக்குச் சரியாகக் காட்டும், அதற்குமேல் தேவையில்லை.

"விதைச்சுப் பதினாலாம் நாள் ஒவ்வொரு பாத்தியிலையும் எத்தினை கண்டெண்டு எண்ணிப்போடுவன்" என்றார். இது முக்கியம். முளைக்காத விதையால் குறைந்த விளைச்சலை இனத்தின் தலையில் போடாமல் இருக்க வேறு வழியில்லை. விதைக்கு முன் முளைதிறனும் பார்க்கலாம்: நூறு மணியை ஈரத் துணியில் சுருட்டி, நாலு நாள் கழித்து எண்ணுவது. புதிதாய் அடித்த உழுந்தில் சில மணி தோல் கெட்டியாய் ஊறாமல் கிடக்கும். அது செத்த விதை என்று எறிய வேண்டாம், சில கிழமை வைத்துத் திரும்பப் பார்க்கலாம்.

கொப்பியில் அவர் எழுதும் இன்னொரு நிரல் வேறு எங்கும் காணாதது: எத்தனை தரம் பறித்தது, ஒவ்வொரு தரமும் எத்தனை மணித்தியாலம். வெள்ளிக்கிழமை ஒட்டுசுட்டானில் தாளில் இல்லாமல் போன கணக்கு இந்தக் கொப்பியில் இருக்கிறது.

பின்னேரம் அவித்த பயறும் தேங்காய்ப்பூவும் சீனியும். இரண்டாம் தரம் வேண்டாம் என்றால், "இளம் பிள்ளையள், சாப்பிடுங்கோ" என்று கோப்பையை நிரப்பினார்.

ஜனவரி 27, திங்கள். முருங்கன்

மண் இங்கே சட்டென்று கறுப்பாகிறது. ஈரத்தில் சப்பாத்தோடு வந்து ஒட்டும், காய்ந்தால் கை நுழையும் அளவு வெடிக்கும். கட்டுக்கரைக் குளத்து நெல்லுக்குப் பிறகு இந்த மண் ஈரத்தை நீண்ட நாள் வைத்திருக்கும், ஆனால் உழவுக்கு வாகான பதம் இரண்டு மூன்று நாள்தான். உழவு மிசினுக்குச் சொல்லி வைக்காமல் பயறு போட நினைப்பவர் அந்தப் பதத்தைத் தவறவிடுவார். வெடிப்பு விழும்போது வேர் அறும், அதனால் இங்கேயும் நாள் குறைந்த இனமே பொருந்தும்.

முருங்கனில் பேச்சு முழுதும் விதையைப் பிடித்து வைப்பது பற்றித்தான். உழுந்தும் பயறும் தன்மகரந்தச் சேர்க்கைப் பயிர். நல்ல விதை ஒருமுறை கையில் வந்தால் இரண்டு மூன்று போகம் வீட்டிலேயே எடுக்கலாம், கலந்து நிற்கும் வேறு இனச் செடிகளைப் பிடுங்கினால். பூக்கும்போது ஒருமுறை, காய் கறுக்கும்போது ஒருமுறை வரிசையால் நடந்து, உயரம், கொடி, இலை மாறிய செடியை வேரோடு எடுப்பது. விதைக்கென்று நடுவில் ஒரு துண்டை ஒதுக்கி, முதல் பறிப்பை மட்டும், மழை படாத நாளில்.

வண்டு வயலிலேயே வருகிறது. காயின் மேல் முட்டையிட்டுவிடும், வீட்டில் போத்தலைத் திறக்கும்போது மணிக்கு மணி ஓட்டை. ஒரு ஐயா தன் முறையைக் காட்டினார். மூன்று வெயில் படங்கில் காயவைத்து, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடிக்கிறார். நசிந்தால் இன்னும் ஒரு வெயில். 'டக்' என்று உடைந்தால் ஆறவிட்டு, கிலோவுக்கு 5 மில்லிலீற்றர் தேங்காயெண்ணெய், ஒரு தேக்கரண்டி, விட்டுக் கையால் பிசறி, பெரிய சோடாப் போத்தலில் கழுத்துவரை நிரப்பி, மூடியை மெழுகால் ஒட்டுகிறார். எண்ணெய் முட்டையின் மூச்சை அடைக்கும், நிறைந்த போத்தலில் காற்றும் குறைவு. சூட்டோடு அடைத்தால் உள்ளே வியர்த்து முளைதிறன் போய்விடும் என்று இரண்டு தரம் சொன்னார்.

புறப்படும்போது அவர் ஒரு போத்தல் உழுந்து தந்தார். மூடியில் பென்சிலால் எழுதிய சின்னக் கடதாசி: இனம், அடித்த திகதி, எந்தப் பறிப்பு. மல்லாவி அம்மாவுக்கு இதில் 100 கிராம் தபாலில் போகிறது, அடுத்த காலபோகத்தில், அதாவது மழைக்கால விதைப்பில், அவருடைய நாலாவது இனமாக.